கமெராவுக்கு முன்னால் மட்டக்களப்பு

கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் போய்ச் சந்தித்த நேர்முகப் பரீட்சை இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பயணச் செலவு மிச்சம். ஆனால், வீடு அதற்குத் தயாரா?

காலை 8.40. கொக்கட்டிச்சோலையிலிருந்து சற்று உள்ளே, வயலை ஒட்டிய வீடு. விறாந்தையில் கிடந்த மேசை அறைக்குள் போயிருக்கிறது. மேசைமேல் அடுக்கிய அப்பியாசக் கொப்பிகள், அவற்றின்மேல் ஒரு சீனிப் போத்தல், போத்தலில் சாய்ந்தபடி கைத்தொலைபேசி. சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றியாகிவிட்டது. ஆணி மட்டும் மிச்சம். பட்டதாரி மகள் மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக உட்கார்ந்திருக்கிறாள். 9 மணிக்குக் கொழும்பு நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சை.

“புள்ள, தேத்தண்ணி தரவா?”

“இப்ப ஒண்ணாம்மா. மறுகா குடிக்கன்.”

தம்பிக்கு வாசலில் காவல் வேலை. கோழி, நாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவன் பொறுப்பு. அப்பா வானொலியை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். 8.55க்குத் தெருமுனையில் பாண் ஓட்டோவின் இசை கேட்கிறது. நாடு முழுவதும் பாண்காரர்கள் ஒலிக்கவிடும் அதே பீத்தோவன் மெட்டு. தம்பி செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறான், “அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்று சொல்ல.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் இப்படிப் பல காலைகள் விடிகின்றன. விண்ணப்பித்தவர் ஒருவர், பரீட்சைக்குத் தோற்றுவது மொத்த வீடும்.

எப்படி வந்தது இந்த மாற்றம்?

2020 மார்ச் 20இல் நாடளாவிய ஊரடங்கு தொடங்கியபோது நேர்காணல்களும் நின்றன. பின்னர் அவை திரைக்கு மாறின. பல்கலைக்கழகங்கள் ‘லேர்ன்’ எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் ஊடாக ஸூம் வகுப்புகளை நடத்தின. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் அந்த வழியில்தான் படித்தார்கள். 2021இல் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவர்களும் சிக்னல் தேடி மலைப்பாறை ஏறிய படங்கள் உலகச் செய்திகளில் வந்தன.

தொற்று அடங்கிய பிறகும் நிறுவனங்கள் பழைய முறைக்கு முழுதாகத் திரும்பவில்லை. முதற்சுற்றைத் திரையில் வைத்தால் மண்டபம் தேவையில்லை, நேரமும் மிச்சம். பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக வெளிநாடு போனதாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுகள் காட்டின. வளைகுடா ஹோட்டல், தாதியர் வேலை, கப்பல் வேலை, ஐரோப்பியத் தொழிற்சாலை என்று எதற்குப் போனாலும் முதல் சந்திப்பு பெரும்பாலும் வட்ஸ்அப்பிலோ ஸூமிலோதான்.

அரச வேலை இன்னும் வேறு உலகம். மூலச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு நேரில் போய் நிற்க வேண்டிய பரீட்சைகளே அங்கே வழக்கம். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா அருகே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்து கேட்டதும் அந்த வேலையைத்தான். 2020இல் ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டார்கள். அந்த வாசல் எப்போது மீண்டும் அகலத் திறக்கும் என்று காத்திருக்க முடியாத தலைமுறைதான் இப்போது கமெராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

மிச்சமானது எது, கைமாறியது எது?

இலாபத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒரு நேர்முகப் பரீட்சை என்றால் இரவு பஸ் அல்லது இரவு மெயில், கொழும்பில் முகம் கழுவ ஒரு சொந்தக்காரர் வீடு, திரும்பிவர இன்னோர் இரவு. பெண் பிள்ளை என்றால் துணைக்கு ஒருவர். அவருக்கும் ரிக்கற், அவருக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. “தனிய அனுப்ப ஏலாது” என்ற ஒரு வார்த்தையில் முடிந்துபோன விண்ணப்பங்கள் எத்தனையோ. இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார் என்ற நிலையில், வீட்டிலிருந்தே முதற்சுற்றைக் கடக்கலாம் என்பது சிறிய விஷயமல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் அப்படியே.

நட்டம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அமைதியான அறை, குளிர்ந்த காற்று, நல்ல வெளிச்சம், இணைப்பு ஆகிய அனைத்தும் முன்பு நிறுவனத்தின் செலவு. இப்போது அவை விண்ணப்பதாரரின் செலவு. கொழும்பு மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே கதிரை, ஒரே மின்விளக்கு. திரையில் ஒருவர் தனியறையில் ஃபைபர் இணைப்போடு வருகிறார்; இன்னொருவர் தகரக் கூரையின்கீழ், கடன் வாங்கிய போனோடு வருகிறார். நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருக்கிறது என்று 2020ஐ ஒட்டிய குடிசனமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களக் கணிப்புகள் காட்டின. மற்ற வீடுகளுக்குப் போன்தான் எல்லாமே.

பெட்டிச் செய்தி 1: அங்கே காலை 10 என்றால் இங்கே?

• இந்தியா: அதே 10 மணி
• டுபாய்: முற்பகல் 11.30
• கட்டார், சவூதி, குவைத்: பிற்பகல் 12.30
• லண்டன்: கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30
• ரொறன்ரோ: கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30
• சிங்கப்பூர்: காலை 7.30
• சிட்னி: அவர்களது கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30

பிரித்தானியாவில் கடிகாரம் மாறுவது மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த வாரங்களில் நேர்முகப் பரீட்சை இருந்தால் ‘இலங்கை நேரப்படி எத்தனை மணி?’ என்று எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முகத்துக்கு முந்தி ஒலி

வீடியோ என்றதும் எல்லோரும் முதலில் கவலைப்படுவது முகத்தைப் பற்றி. பவுடர், சட்டை, பின்னால் தெரியும் சுவர். கவலைப்பட வேண்டிய வரிசை வேறு.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரே வசனங்கள், ஒரே குரல். ஒரு பதிவு தெளிவான மைக்கில் வந்ததுபோல ஒலித்தது; மற்றது மலிவான மைக்கில் தகரத்தில் தட்டியதுபோல ஒலித்தது. கேட்டவர்கள் இரண்டாவது குரலுக்குரியவரை வேலைக்கு எடுக்கத் தகுதி குறைந்தவர், புத்திக்கூர்மை குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். சொன்ன விடயம் இரண்டிலும் ஒன்றுதான். கணினியே பேசிய குரலாக இருந்தபோதும் இதே முடிவுதான். கேட்பவர் வேண்டுமென்று ஓரவஞ்சனை செய்வதில்லை. காது அவரை அறியாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

மட்டக்களப்பில் இதன் பொருள் என்ன? வாடைக் காற்று காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரை, தகரக் கூரையில் மழை விழுந்தால் அறைக்குள் இருப்பவர் பேசுவதே கேட்காது. வாவியோர வீடுகளில் காற்று நேரே மைக்கில் மோதும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி, ஆடியில் மாமாங்கத் திருவிழா. ஒலிபெருக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுகூட அன்றைய தலைவிதியைத் தீர்மானிக்கலாம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பாங்கு நேரம் எல்லோருக்கும் தெரிந்ததே. நேர்முகப் பரீட்சை நேரத்தைத் தெரிவு செய்யச் சொன்னால் அந்த நேரங்களை விட்டு எடுங்கள்.

செலவழிக்கக் கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது என்றால் அதை மைக் உள்ள வயர் இயர்போனில் போடுங்கள். புளூடூத் வகை நடுவில் சார்ஜ் இறங்கிக் காலை வாரும், வயர் வாராது. மைக் சட்டைப் பொத்தானில் உரசாமல் பார்க்க வேண்டும். வெறுஞ்சுவர் அறை எதிரொலிக்கும். கதவுக்கு ஒரு போர்வை, தரைக்கு ஒரு பாய், ஜன்னலுக்குத் தடித்த சேலை கட்டினால் எதிரொலி நன்றாகக் குறையும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்க்கும்தான், முதல் பத்து நிமிடத்தில் அது மறந்துபோகும்.

பின்னணியைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பிரித்தானியாவின் டர்ஹம் பல்கலைக்கழகத்தினர் 2023இல் 167 பேரிடம் வெவ்வேறு பின்னணியுள்ள முகப்படங்களைக் காட்டினார்கள். புத்தக அலுமாரியோ செடியோ பின்னால் தெரிந்தவர்களை நம்பிக்கைக்குரியவர்கள், திறமையானவர்கள் என்று பலரும் மதிப்பிட்டார்கள். வீட்டு வரவேற்பறையும் வேடிக்கையான பொய்ப் பின்னணியும் மதிப்பைக் குறைத்தன. இதற்காக அலுமாரி வாங்க வேண்டாம். வெற்றுச் சுவரும், முற்றத்திலிருந்து தூக்கி வைத்த ஒரு குரோட்டன் சட்டியும் போதும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

சிக்னலுக்கு இரண்டு சிம்

வாவியின் இரு கரையும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1924இல் கல்லடிப் பாலம் வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மண்முனைப் பாலத்துக்கு 2014 வரை காத்திருந்தார்கள். அதுவரை ‘பாதை’ எனப்படும் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். சிக்னலிலும் அந்த ஏற்றத்தாழ்வு மிச்சமிருக்கிறது. நகரத்தில் ஃபைபர் இணைப்பு எடுக்கலாம். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்து உட்கிராமங்களில் எந்த மரத்தடியில் எந்த சிம் எடுக்கும் என்பது அந்தந்த ஊரார் அறிந்த இரகசியம்.

ஒருவரோடு ஒருவர் பேசும் ஸூம் அழைப்பில் தெளிவான படத்துக்கு வினாடிக்கு 600 கிலோபிட் வேகம் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். மணிக்கு அரை ஜிபிக்கு மேல் டேட்டா கரையும். குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும். ஆகவே இணைப்பு தடுமாறினால் முதலில் படத்தை நிறுத்த வேண்டும், குரலை விடக்கூடாது. “இணைப்புத் தடுமாறுகிறது, கமெராவை நிறுத்திவிட்டுத் தொடரலாமா?” என்று அனுமதி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்வியே உங்கள் நிதானத்துக்குச் சான்று.

சோதனை அழைப்பை, நேர்முகப் பரீட்சை நடக்கும் அதே மணிக்கு முதல் நாள் எடுத்துப் பாருங்கள். காலை 10 மணிக்குப் பறக்கும் இணைப்பு, ஊரே நாடகம் பார்க்கும் இரவு 8 மணிக்குத் தவழும். ரொறன்ரோக்காரர் அழைப்பது அந்த நேரத்தில்தான். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பது நல்லது. ஆனால் 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்துவிட்டது, அந்த இரண்டையும் இரண்டாகக் கணக்கெடுக்க முடியாது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்துவிட்டது. சாதாரணக் குடும்பத்துக்கு அதன் விலை எட்டாது. ஒரு பொது நிலையத்துக்கு எட்டும்.

மின்சாரம் இன்னொரு பாடு. 2022 மார்ச் 31இல் 13 மணிநேரம் இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டாலும் திருத்த வேலைக்காக அறிவிக்கப்படும் மின்தடைகள் தொடர்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது கிழக்கின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒன்றாகவே நின்றன. அப்படி ஒரு நாளில் நேர்முகப் பரீட்சையைத் தவறவிட்டவருக்கு மறுதிகதி கேட்க முழு உரிமையும் உண்டு. கேட்காமல் விடுவதுதான் எமது பழக்கம். அதை விட வேண்டும்.

பெட்டிச் செய்தி 2: முதல் நாளும் அன்றும்

முதல் நாள்:
• எந்தச் செயலி, எந்த லிங்க், யாருடைய தொலைபேசி இலக்கம் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். போன் அணைந்தால் தாள்தான் பேசும்.
• செயலியை இறக்கி, உங்கள் பெயரைச் சுயவிபரக் கோவையில் உள்ளபடி மாற்றுங்கள். அண்ணனின் கணக்கில் நுழைந்து அண்ணன் பெயரோடு தோன்றுபவர் நிறையப் பேர்.
• டேட்டா பக்கேஜ் எப்போது முடிகிறது என்று பாருங்கள். நள்ளிரவில் முடிவதும் உண்டு.
• கடன் வாங்கிய போன் என்றால் முதல் நாளே வாங்கிப் பழகுங்கள்.

அன்று:
• அலாரம், வட்ஸ்அப் அறிவிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டுபாய் மாமாவிடம் அந்த மணிநேரம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
• கமெரா கண் மட்டத்தில் இருக்கட்டும். மடியில் வைத்தால் எதிரே இருப்பவர் உங்கள் மூக்குத் துவாரத்தையும் கூரையையும்தான் பார்ப்பார்.
• தேசிய அடையாள அட்டை, சான்றிதழ், பேனா, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்.
• பத்து நிமிடம் முந்தி நுழையுங்கள். இலவச ஸூம் கணக்கில் அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அப்படி அறுந்தால் பதறாமல் அதே லிங்க்கில் திரும்ப நுழையுங்கள்.

என்ன பேசுவது?

அறையும் போனும் சரி. இனித்தான் பரீட்சை.

அநேகமாக முதல் கேள்வி, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” எமது பிள்ளைகள் பலர் இதற்கு ஊர், பாடசாலை, தாய் தந்தை தொழில், சகோதரர் எண்ணிக்கை என்று கிராம சேவகருக்குக் கொடுக்கும் விபரம்போல ஒப்புவிக்கிறார்கள். கேட்பவருக்கு வேண்டியது வேறு: இந்த வேலைக்கு நீங்கள் ஏன்?

உதாரணமாக, கணக்குப் பிரிவு வேலைக்கு ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “நான் முகாமைத்துவப் பட்டதாரி. எங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வருடம் கணக்குப் பார்த்தேன். கையால் எழுதிய கடன் பேரேட்டைக் கணினிக்கு மாற்றினேன். முன்பு ஒரு வாரம் எடுத்த மாத முடிவுக் கணக்கு இப்போது ஒரு நாளில் முடிகிறது. உங்கள் கணக்குப் பிரிவில் இதையே பெரிய அளவில் செய்ய விரும்புகிறேன்.” அரை நிமிடம்கூட ஆகாது. இப்படியான வேலையை ஊதியமில்லாமல் செய்ததால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்கள்தான் இங்கே அதிகம்.

இப்படிச் சொல்லக்கூடிய விடயம் மட்டக்களப்பில் எந்த இளைஞரிடமும் இருக்கிறது. வெள்ள முகாமில் சமைத்த உணவைப் பங்கிட்டவர், கோயில் திருவிழா உபயக் கணக்குப் பார்த்தவர், மாலைநேர வகுப்பு எடுத்தவர், அப்பாவின் வயலுக்கு உரமும் கூலியும் கணக்குப் பார்த்தவர் என்று யாரை எடுத்தாலும் ‘முன் அனுபவம்’ என்ற கேள்விக்கு அவரிடம் பதில் உண்டு. அதை நான்கு படியில் சொல்லப் பழகினால் போதும்: சூழல் என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், விளைவு என்ன. ‘நாங்கள் செய்தோம்’ என்று அடக்கமாகச் சொல்வது எமது பண்பு. நேர்முகப் பரீட்சையில் ‘நான் செய்தேன்’ என்றே சொல்ல வேண்டும். அது தற்பெருமை இல்லை. கேட்ட கேள்விக்கான பதில்.

அடுத்தது மொழி. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது மனத்துக்குள் மொழிபெயர்ப்பு நடக்கிறது. அதனால் பதில் தாமதமாக வருகிறது. திரையில் அந்தத் தாமதத்தோடு இணைப்பின் தாமதமும் சேர்ந்தால், பதில் தெரியாமல் தவிப்பதுபோலத் தோன்றும். கேள்வி முடிந்ததும் “நன்றி, ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு யோசியுங்கள். சொல்லிவிட்டு எடுக்கும் நேரத்தை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. கொழும்பு நிறுவனத்தில் சிங்களத்தில் ஒரு வணக்கமும் இரண்டு வரி அறிமுகமும் சொல்லத் தெரிந்தால் எதிரே இருப்பவர் முகம் மலரும். தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டத் தேவையில்லை.

எழுதி வைத்து வாசிக்காதீர்கள். கண் இடமிருந்து வலம் ஓடுவது கமெராவில் அப்படியே தெரியும். குறிப்புச் சொற்கள் நாலைந்து மட்டும் தாளில் இருக்கட்டும். பேசும்போது திரையில் தெரியும் முகத்தை விட்டுக் கமெராத் துளையைப் பாருங்கள். அப்போதுதான் எதிரே இருப்பவருக்கு நீங்கள் அவரைப் பார்ப்பதுபோல இருக்கும். இதெல்லாம் ஒரு நாளில் வராது. விதைப்பன்று வரம்பு கட்டப் போகக்கூடாது. அழைப்பு வருவதற்கு முன்பே தோழி ஒருத்தியை வட்ஸ்அப் வீடியோவில் கேள்வி கேட்கச் சொல்லி, பதிவு செய்து, போட்டுக் கேளுங்கள். முதல் தடவை கேட்கச் சங்கடமாக இருக்கும். மூன்றாம் தடவைக்குள் உங்கள் பிழை உங்களுக்கே பிடிபடும்.

எதிரே மனிதர் இல்லாதபோது

சில நிறுவனங்களின் முதற்சுற்றில் ஆளே இல்லை. திரையில் கேள்வி எழுத்தாக வரும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதிலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தலையசைத்து உற்சாகப்படுத்த ஒரு முகமும் இருக்காது. இந்த முறையைப் பரப்பிய அமெரிக்க நிறுவனங்களில் ஹயர்வியூ முக்கியமானது. விண்ணப்பதாரரின் முகபாவத்தை மென்பொருளால் அளந்த முறைக்குக் கண்டனம் வலுத்ததும் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டது; 2021இல் அதை அறிவித்தது. பணியிடத்தில் மனிதரின் உணர்ச்சியைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஊகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. ஆட்சேர்ப்பு மென்பொருள்களை உயர் ஆபத்து வகையிலும் சேர்த்திருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து ஐரோப்பிய வேலைக்கு விண்ணப்பிப்பவர் “இதை மனிதர் பார்ப்பாரா, மென்பொருளா?” என்று கேட்கலாம். கேட்பது தவறாகாது.

செயற்கை நுண்ணறிவு மறுபக்கமும் வேலை செய்கிறது. இன்னொரு திரையில் பதிலை வரவழைத்து வாசிப்போர் பெருகியதால் நிறுவனங்கள் உஷாராகிவிட்டன. போலி முகத்தோடு நேர்முகப் பரீட்சைக்கு வருவோர் குறித்து அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2022இலேயே எச்சரித்தது. ஆகவே முகத்துக்கு முன்னால் கையை அசைத்துக் காட்டச் சொன்னால் மனம் நோகத் தேவையில்லை. அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்த விரும்புவதாக கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை 2025இல் சொன்னார். இந்தப் போக்கு கொழும்புக்கும் வந்தால், திரையால் கிடைத்த இலாபம் போய் இரவு பஸ் திரும்ப வரும். இன்று குறுக்குவழியில் போகும் சிலருக்காக நாளை கட்டணம் கட்டப்போவது தூர இடத்துப் பிள்ளைகள்தான்.

வீடு தரும் பரீட்சை

பெண்கள் விடயத்தில் இந்த மாற்றம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பயணத் தடை நீங்கியது உண்மை. ஆனால் வீட்டில் இருக்கும் பெண் ‘சும்மா இருப்பவர்’ என்ற நினைப்பு நீங்கவில்லை. நேர்முகப் பரீட்சை நடுவிலும் அடுப்பில் பால் பொங்கும், குழந்தை அழும், மாமியார் கூப்பிடுவார். அந்த ஒரு மணிநேரம் குழந்தையை வெளியே கூட்டிப் போவது கணவரின் வேலை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

முகத்திரை அணியும் பெண்கள் அடையாளம் உறுதிப்படுத்துவது எப்படி என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்கலாம். பெண் அதிகாரி ஒருவர் முன்னிலையில் செய்ய முடியுமா என்று கேட்பதும் நியாயமான கோரிக்கையே. அந்த நிமிடத்தில் கேட்பதைவிட முதல் நாள் கேட்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. சோதனை லிங்க் ஒன்றை முதல் நாளே அனுப்பலாம். இணைப்பு அறுந்தால் சாதாரணத் தொலைபேசியில் தொடரலாம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதலாம். ஒரு தடவை மறுதிகதி தரலாம். இவை மூன்றுக்கும் செலவு கிடையாது. அறுந்துபோன அழைப்பை விண்ணப்பதாரரின் அக்கறையின்மை என்று பதிவு செய்வது அநீதி.

பெட்டிச் செய்தி 3: நேர்முகப் பரீட்சையா, பொறியா?

• வீடியோவில் பத்து நிமிடம் பேசிவிட்டு உடனே ‘தெரிவாகிவிட்டீர்கள்’ என்று சொல்லிக் காசு கேட்டால் அது வேலை இல்லை.
• தாய்லாந்தில் கணினி வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் பலர் மியன்மாரின் மியாவதி சைபர் மோசடி முகாம்களில் அடைபட்டது அண்மைய வரலாறு.
• வெளிநாட்டு முகவர் நிலையம் என்றால் அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். அழைக்க வேண்டிய இலக்கம்: 1989.
• சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றலாம் என்றால் போகாதீர்கள்.
• கடவுச்சீட்டுப் பக்கம், வங்கி இரகசிய இலக்கம், ஓ.டி.பி. எதையும் நேர்முகப் பரீட்சையில் காட்டவோ சொல்லவோ வேண்டாம்.

ஒரு அறை வேண்டும்

மேலே சொன்ன ஆலோசனைகளில் பாதி, வீட்டில் ஒரு தனியறை இருப்பவருக்கே பயன்படும். போர்வை கட்டலாம், கோழியை விரட்டலாம். ஐந்து பேர் வாழும் ஓரறை வீட்டில் அமைதியை எங்கிருந்து எடுப்பது? கொமினிகேஷன் கடைகளில் பக்கத்தில் போட்டோக் கொப்பி இயந்திரம் ஓடும். தனிமனித முயற்சி இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இனிப் பொது ஏற்பாடுதான் வழி.

அந்த ஏற்பாட்டுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களோடு விதாதா வள நிலையங்கள் இயங்குகின்றன. இணையத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோக என்று தொடங்கிய ‘நெனசல’ அறிவகங்கள் இருந்தன. உள்ளூராட்சி சபைகளின் நூலகங்கள் இருக்கின்றன. பாடசாலைகளில் கணினிக் கூடங்கள் பிற்பகலில் பூட்டிக் கிடக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது. மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்துக்கு வேலை தேடுவோருக்கு உதவுவதே கடமை. இவற்றில் ஏதாவது ஒன்றில், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிறிய அறையை ஒதுக்கினால் போதும். பூட்டக்கூடிய கதவு, ஒரு மேசை, முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு, ஒரு கணினி, வயர் மூலம் இணைப்பு, மின்சாரம் போனாலும் ஒரு மணிநேரம் தாங்கும் பற்றரி, பெயர் பதிந்து நேரம் ஒதுக்க ஒரு கொப்பி. பெண்கள் தயக்கமின்றி வந்து போகவும், ரொறன்ரோ நேரத்துக்கு இரவு 9 மணி வரை திறந்திருக்கவும் ஒரு பொறுப்பாளர்.

எழுவான்கரையில் ஒன்றும் படுவான்கரையில் ஒன்றுமாகத் தொடங்கினாலே போதும். முதலில் படுவான்கரையில் தொடங்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தாராளமாகத் தருகின்றன. இந்த அறைக்கான செலவு அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு அடுத்த தடவை கூடும்போது, வீதியும் வாய்க்காலும் பேசி முடித்த பிறகு, இந்த ஒரு அறையைப் பற்றியும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.